ஆறு மணித்தியாலம்

பேப்பரின் பெரிய எழுத்துத் தெரிய வேணும்,
அதுதான் முதல் சோதனை.
போத்தலை மரண அறிவித்தலுக்கு மேலே நிறுத்தி
வாய்வழியே கீழே பார்க்க
செத்தவரின் பெயர் வாசிபட்டால்
தண்ணீர் கூரைக்குப் போகலாம்.
வாசிபடாவிட்டால்
பழஞ்சாரத்தை நாலாய் மடித்து
இன்னொருக்கா வடி.

நாவாந்துறையில் எங்கள் கிணற்றுக்கும்
செலஸ்ரீனா வீட்டு மலக்குழிக்கும்
இடையில் பதினொரு அடி.
நடுவில் கிடப்பது சுண்ணாம்புக்கல்.
கல் என்று பேர், உள்ளெல்லாம் வாசல்.
கார்த்திகை மழைக்கு ரெண்டும்
ஒன்றையொன்று சுகம் விசாரிக்கும்.

மார்கழியில் சின்னவனுக்கு வயிற்றோட்டம்.
பெரியாஸ்பத்திரியில் மூன்று இரவு
சேலைன் துளி எண்ணினேன்.
நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒருநாள் விடிந்தது.
"கொதிச்சாறின தண்ணி குடுங்கோ" என்றா தாதி.
சரி.
காஸ் வரிசையில் என் இலக்கம் இருநூற்றுப் பதினாறு.
விறகென்று கிடந்தது உடைந்த வள்ளத்துப் பலகை,
மூட்டினால் தண்ணிக்கு முதல் கண் கொதிக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தகரம்.

கலியாண மண்டபத்தில் மேசை துடைக்கிற அருமைராசன்
ஒரு சாக்குப் போத்தல் கொண்டுவந்து கொட்டினான்.
பச்சையைத் தள்ளி வைத்தேன்.
கீறல் விழுந்ததையும்.
லேபலை உரித்து, கோந்தைச் சவர்க்காரத்தில் ஊறவிட்டு,
முக்கால் நிரப்பிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி
பிறகு கழுத்துவரை நிரப்பி
படுக்க வைத்தேன், பிள்ளை கிடத்துகிற மாதிரி.
ஒன்பதுக்கு ஏற்றினால் மூன்றுக்கு இறக்கலாம்.

யூஜின் வலையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.
"கடல் முழுக்க வெயிலிலைதானே கிடக்கு,
அதையும் குடிப்பமோ?"
நான் வாய் திறக்கவில்லை.
வெயில் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது.
எங்கள் கிணற்றில் எத்தனை பங்கு கடல் என்பது
ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய், டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர்
தண்டப் புத்தகத்தோடு ஏணியில் ஏறினார்.
முப்பத்திரண்டு போத்தல்.
ஒவ்வொன்றாய் மூடி திருகிப் பார்த்தார்,
நுளம்பு நுழைய ஊசிவழி இல்லை.
தகரம் சுட, கால்மாற்றிக் கால் நின்று
"என்ன பிள்ளை, பூசையோ?" என்றார்.
"சமையல் சேர்."
ஒன்றை எடுத்து நீட்டினேன்.
குடிக்கவில்லை.
மோட்டார்சைக்கிள் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.
ஆய்வுக்கு அனுப்பினாரோ, வழியில் கை கழுவினாரோ,
தண்டம் மட்டும் வரவில்லை.

மத்தியானத்தில் சிலநேரம் ஏணியில் நின்று பார்ப்பேன்.
ஒரு போத்தலுக்குள் எத்தனை கோடி சாகுது,
ஒரு முனகல் இல்லை,
தண்ணியில் நிறமாற்றம் இல்லை.
எங்கள் கூரைகளுக்கு வானத்திலிருந்து வந்தவை
எல்லாம் சத்தத்தோடு வந்தவை.
இது மட்டும்
காகம் இருக்கிற ஓசைகூட இல்லாமல்
வந்து இறங்கி
வேலையை முடித்துவிட்டுப் போகுது.

முகில் மூடினால் ரெண்டு நாள் விட வேணும்.
அடைமழையென்றால் இந்தக் கணக்கே செல்லாது,
மழையைத்தான் ஏந்திக் குடிக்க வேணும்.
வெயில் பட்ட நாளுக்கு ஒரு கோடென்று
மூடியில் கரியால் போட்டு வைக்கிறேன்.
இப்போது செலஸ்ரீனா வீட்டுக் கூரையிலும் பதினாலு கிடக்கு.
அவ கோடு போடுறேல்லை,
என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறா.

இன்றைக்கு வானம் அரை மனசு.
ஏணிக்குக் கீழே டம்ளரோடு சின்னவன்.
"அம்மா, வெந்திட்டுதோ?"
நேற்றையதில் ஒரு கோடு நிற்குது.
மண்டைதீவுப் பக்கம் கறுத்துக்கொண்டு வருது.
நான் பேப்பரைத் தலைக்குப் பிடித்தபடி
இன்னும்
இறங்காமல் நிற்கிறேன்.